ஒரே பெட்டியில் வந்த சிவப்பு ஸ்னாப்பர்கள்: சின்னதில் முற்றிய சினை, பெரியதில் இல்லை, எப்படி?

கடல்நண்டு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. விலங்கியல் முதுகலை கடைசி ஆண்டு படிக்கிறேன். திட்டக் கட்டுரைக்காக ஆழ்கடல் கைத்தூண்டிலில் பிடிபட்ட சிவப்பு ஸ்னாப்பர்கள் 14 கிடைத்தன. இந்தியப் பெருங்கடலில் பாறைச் சரிவு ஒன்றில், 180 மீட்டரிலிருந்து 280 மீட்டர் வரை உள்ள ஆழத்தில் பிடித்தவை. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், எடெலிஸ் கார்பன்குலஸ். என்னிடம் உள்ள பழைய வழிகாட்டியை வைத்து நானும் சரிபார்த்தேன். முதுகுத்துடுப்பில் 10 முள், 11 மென்கதிர், முள்பகுதிக்கும் மென்பகுதிக்கும் நடுவே ஆழமான வெட்டு, பெரிய கண், மேல்தாடை எலும்பின் மேல் செதில். ஒன்பதாம் எண் மீனைத் தவிர மற்ற எல்லாமே பொருந்தின, அந்த ஒன்பதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

வயிற்றைக் கீறிய பிறகுதான் தலை சுற்றுகிறது. மூக்கு நுனியிலிருந்து வால் கவை வரை 36, 38, 41 செ.மீ. உள்ள மூன்று மீன்களில் முற்றிய சினை, முட்டை தனித்தனியாகக் கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் 55, 58 செ.மீ. உள்ள இரண்டில் சினைப்பை நூல் மாதிரி இருக்கிறது, இன்னும் பருவத்துக்கே வராத மீன் என்றுதான் சொல்லத் தோன்றும். 83 செ.மீ. ஒன்று இருக்கிறது, அதில் மறுபடியும் சினை! நீளத்துக்கும் எடைக்கும் வரைபடம் போட்டால் புள்ளிகள் ஒரே கோட்டில் உட்கார மறுக்கின்றன. நான் அளந்ததில் தப்பா, சினை நிலையைப் படித்ததில் தப்பா, இல்லை மீனே இப்படித்தானா?

இன்னொன்று. 13 மீனின் வயிற்றிலும் இரையே இல்லை. சுத்தமாகக் காலி. இது சாதாரணமா?

மீன்பைத்தியம் எழுதியது:

இதில் குழம்ப என்ன இருக்கிறது, சின்னது எல்லாம் பெண், பெரியது எல்லாம் ஆணாக மாறிக்கொண்டிருக்கும். கலவா மீன் அப்படித்தானே, முதலில் பெண்ணாக இருந்து முட்டை போட்டு, வளர்ந்த பிறகு ஆணாக மாறும். நீங்கள் பார்த்த நூல் போன்ற சினைப்பை மாறுகிற கட்டமாக இருக்கலாம்.

கடல்நண்டு எழுதியது:

நானும் ஒரு நிமிடம் அப்படி நினைத்தேன். ஆனால் 83 செ.மீ. மீனில் சினை இருக்கிறதே? அது எந்தக் கணக்கில் வரும்?

ஆழ்தூண்டில் எழுதியது:

கலவா கதையை ஸ்னாப்பர் மேல் ஏற்றாதீர்கள். கலவாவில் பல இனங்கள் பெண்ணாகத் தொடங்கி ஆணாக மாறும், உண்மைதான். ஸ்னாப்பர் குடும்பம் அப்படி இல்லை. ஆணாகப் பிறந்தது ஆண், பெண்ணாகப் பிறந்தது பெண், கடைசி வரை அதேதான்.

கடல்நண்டு, ஒரே ஒரு கேள்வி. உங்கள் 14 மீனின் வாலையும் விரித்துப் பார்த்தீர்களா? மேல்மடலின் நுனி கறுப்பாக இருக்கிறவை எத்தனை?

கடல்நண்டு எழுதியது:

கறுப்பா? வழிகாட்டியில் அப்படி எதுவும் போடவில்லையே. பெட்டி உறைகலத்தில் இருக்கிறது, நாளைக் காலையில் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

செவிக்கல் எழுதியது:

ஆழ்தூண்டில் எங்கே போகிறார் என்று புரிகிறது, அவர் சரியான இடத்துக்குத்தான் போகிறார். அவர் இரண்டே வரியில் முடித்துவிடுவார் என்பதால் நான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் பெட்டியில் இருப்பது ஒரே இனமல்ல என்பது என் கணிப்பு. நீங்கள் அளந்ததும் சரி, சினை பார்த்ததும் சரி. தப்பு அந்தச் சீட்டில் இருக்கிறது. சீட்டு எழுதியவரைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் ஏறக்குறைய 200 ஆண்டுகளாக உலகமே அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தது. எடெலிஸ் கார்பன்குலஸ் என்ற பெயரை 1828-ல் வைத்தவர் கூவியே. கார்பன்குலஸ் என்றால் லத்தீனில் சின்னத் தணல், கனல் துண்டு, மாணிக்கம் மாதிரிச் சிவந்த கல் என்றெல்லாம் பொருள், அந்த நிறத்தைப் பார்த்தவர்கள் வேறு பெயர் வைத்திருக்க மாட்டார்கள். செங்கடலிலிருந்து ஹவாய் வரை 200, 300 மீட்டர் ஆழத்தில் இந்த வடிவத்தில் சிவப்பாக எது வந்தாலும், வால் ரொம்ப நீளமாக இல்லை என்றால், கார்பன்குலஸ் என்றே எழுதினார்கள்.

அப்புறம் இந்த நூற்றாண்டில் மரபணுவைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரே பெயரில் இருந்த மீன்கள் இரண்டு தனிக் கொத்தாகப் பிரிந்தன. ஒரே சரிவில் அருகருகே வாழ்கின்றன, ஆனால் ஒன்றோடொன்று கலப்பதில்லை. உள்ளூர் வேறுபாடு என்று ஒதுக்கிவிட முடியாத அளவு இடைவெளி. கடைசியில் 2021-ல் இரண்டாவது கொத்துக்கு எடெலிஸ் போவெனி என்று தனிப்பெயர் வைத்து விவரித்தார்கள், கடல் உயிர்களின் மரபணு ஆய்வில் பேர்போன பிரையன் போவனை நினைவில் வைத்து. அதை விவரித்த நால்வரில் ஒருவர் ஜான் ராண்டல், பவளப்பாறை மீன்களைப் பற்றிப் படித்த யாருக்கும் தெரிந்த பெயர், 2020-லேயே காலமாகிவிட்டார், கட்டுரை வெளிவந்தபோது அவர் இல்லை. (இதே துணைக்குடும்பத்தில் ராண்டலிக்திஸ் என்று ஒரு ஆழ்கடல் ஸ்னாப்பர் பேரினம் 1977-லிருந்து அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது, அதனால் வட்டம் ஒரு மாதிரி நிறைந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.)

இப்போது உங்கள் குழப்பத்துக்கு வருவோம். பழைய பெயர் மிச்சமிருக்கிற கார்பன்குலஸ் சின்ன இனம், 60 செ.மீ. வாக்கில் வளர்ச்சி நின்றுவிடும், குள்ள மாணிக்க ஸ்னாப்பர் என்றே சிலர் சொல்கிறார்கள். போவெனி 1 மீட்டரையும் தாண்டும். சின்ன இனம் சின்ன அளவிலேயே பருவத்துக்கு வரும், பெரிய இனம் ரொம்பப் பெரிதான பிறகுதான் வரும். இப்போது உங்கள் எண்களைத் திரும்பப் படியுங்கள். 36, 38, 41 எல்லாம் வளர்ந்து முடிந்த தாய் மீன்கள். 55, 58 இரண்டும் இன்னொரு இனத்தின் குமரிகள். 83 அந்த இரண்டாவது இனத்தின் தாய். புள்ளிகள் ஒரே கோட்டில் உட்காராததற்குக் காரணம், அங்கே இருப்பது இரண்டு கோடுகள்.

வெளியே பார்த்துப் பிரிக்க இரண்டு அடையாளம். முதலாவது ஆழ்தூண்டில் கேட்டது: போவெனியின் வால் மேல்மடல் நுனியில் தெளிவான கறுப்பு இருக்கும், கார்பன்குலஸில் அது இல்லை. இரண்டாவது செவிள்மூடியின் பின்விளிம்பில் உள்ள முள். கார்பன்குலஸில் அது கூர்மையாகத் துருத்திக்கொண்டு நிற்கும், விரலை வைத்தால் குத்தும். போவெனியில் மழுங்கி வட்டமாக இருக்கும். படம் பார்த்துப் பிரிப்பதை விட விரலால் தடவிப் பார்த்துப் பிரிப்பது சுலபம், கையில் நாலு மீனைத் தொட்டால் பழகிவிடும்.

முள், கதிர் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். எடெலிஸ் எல்லாவற்றிலும் முதுகில் 10, 11 தான், குதத்துடுப்பில் 3 முள், 8 கதிர் தான். வழிகாட்டி உங்களைப் பேரினம் வரை சரியாகக் கூட்டிக்கொண்டு போய் அங்கே இறக்கிவிட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான்.

மீன்பைத்தியம் எழுதியது:

சரி, கலவா கணக்கை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். நுனி கறுப்பு வயசானால் வருவதாக இருக்கக்கூடாதா? நிறைய மீனில் நிறம் வயசுக்கு ஏற்ப மாறுமே.

செவிக்கல் எழுதியது:

நல்ல கேள்வி. அப்படி இருந்தால் கறுப்பு நுனி உள்ளவை எல்லாம் வயசானவையாக இருக்க வேண்டும். கடல்நண்டின் 55, 58 மீன்களில் கறுப்பு நுனி இருந்தால் என்ன சொல்வீர்கள்? அவை இன்னும் பருவத்துக்கே வரவில்லை. நாளை அவர் சொல்லட்டும்.

வயசு என்று வந்துவிட்டதால் ஒன்று. இந்த மீன்களில் உடல் நீளத்தைப் பார்த்து வயசு சொல்வது கிட்டத்தட்டச் சூதாட்டம். முதல் சில ஆண்டுகள் வேகமாக வளரும், பிறகு ஆண்டுக்கணக்கில் நீளம் ஏறவே ஏறாது. வயசு தெரிய வேண்டுமென்றால் காதுக்கல்லை, அதாவது மீனின் தலைக்குள் காதில் இருக்கும் சின்னக் கல்லை, தோண்டி எடுத்தாக வேண்டும். உடல் வளர்ச்சி நின்ற பிறகும் அந்தக் கல் படிவு படிவாகக் கனத்துக்கொண்டே போகும், அதுதான் அதன் மகிமை. கல்லை மெல்லிய வில்லையாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் மரத்தின் வளையம் போலக் கோடுகள். ஆனால் வெப்பமண்டல ஆழத்தில் பருவ மாற்றம் மங்கல், கோடுகளும் மங்கல், இரண்டு பேர் எண்ணினால் மூன்று விடை வரும்.

அதனால்தான் பிரிஸ்டிபோமாய்ட்ஸ் ஃபிலமென்டோசஸ் என்ற இன்னொரு ஆழத்து ஸ்னாப்பர் விஷயத்தில் ஒரு பெரிய சறுக்கல் நடந்தது. ஹவாயில் ஓபக்கபக்கா என்று சொல்வார்கள், இளஞ்சிவப்பு மீன். காதுக்கல்லில் நாளுக்கு ஒன்றாகப் படியும் கோடுகளை எண்ணி அது அதிகபட்சம் 18 ஆண்டு வாழும் என்று கணக்கிட்டிருந்தார்கள். 2012-ல் வேறு வழியில் சோதித்தபோது 40 ஆண்டுக்கு மேல் என்று வந்தது. இரண்டு மடங்குக்கும் மேல் தப்பு! சோதித்த விதம் எனக்கு எப்போதும் ஆச்சரியம். 1950-களிலும் 60-களிலும் வானத்தில் வெடித்த அணுகுண்டுகள் காற்றில் கார்பன்-14 அளவை எகிற வைத்தன. அது கடலில் கரைந்து பவளத்தில் படிந்தது, மீனின் காதுக்கல்லிலும் படிந்தது. பவளத்தில் எந்த ஆண்டு எவ்வளவு ஏறியது என்று தெரியும். மீனின் கல்லில் நடுப்பகுதி, அதாவது குஞ்சாக இருந்தபோது உருவான பகுதி, அதை மட்டும் எடுத்து அளந்தால் அந்த மீன் எந்தக் காலத்தில் பிறந்தது என்று பிடித்துவிடலாம். கூடவே கல்லுக்குள் ரேடியம் சிதைந்து ஈயமாக மாறும் விகிதத்தையும் பார்த்து உறுதிப்படுத்தினார்கள். குண்டு வெடித்தவர்கள் மீனின் பிறந்த தேதியைப் பதிவு செய்கிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆழ்தூண்டில் எழுதியது:

காலி வயிறு பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. அது மீனின் பசி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை.

250 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல 26 மடங்கு. ஸ்னாப்பரின் காற்றுப்பை மூடிய பை, தொண்டைக்குக் குழாய் கிடையாது, காற்றை ஏப்பம் விட்டு வெளியேற்ற முடியாது. கைத்தூண்டிலில் சில நிமிடங்களில் மேலே இழுத்துவிடுகிறோம். காற்று விரியும். பை ஊதிக்கொண்டே போய் வயிற்றைத் தள்ளும், வயிறு உறை கழற்றுவது மாதிரி உள்புறம் வெளிப்புறமாகப் புரண்டு வாய் வழியாக வரும். கண் பிதுங்கும். வாயில் பலூன் மாதிரி நிற்பதைக் காற்றுப்பை என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், அது இரைப்பை. அது புரளும்போதே உள்ளே இருந்த இரை எல்லாம் வழியில் கொட்டிவிடும். உங்கள் கைக்கு வரும்போது காலிதான்.

அதை ஊசியால் குத்திக் காற்றை இறக்கிவிட்டுக் கடலில் விடுகிறவர்களும் உண்டு. வேண்டாம். இரைப்பையில் ஓட்டை போட்ட மீன் கீழே போய்ச் சாகும். விட வேண்டுமென்றால் கனம் கட்டிய கொக்கியில் மாட்டி மறுபடி ஆழத்துக்கு இறக்கி விடுவிக்க வேண்டும், அழுத்தம் ஏற ஏறக் காற்று தானே சுருங்கிவிடும்.

இரை தெரிய வேண்டுமென்றால் குடலின் பின்பகுதியைப் பாருங்கள், அது புரளாது. செரித்தது போக மிச்சம் இறால் ஓடு, கணவாய் அலகு, சின்ன மீன் முள் கிடைக்கும்.

நீலப்பாசி எழுதியது:

ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன், ஒன்று கேட்டே ஆக வேண்டும். இருட்டில் வாழ்கிற மீனுக்கு இவ்வளவு பளிச்சென்ற சிவப்பு எதற்கு? எதிரிக்கு விளக்குப் போட்டுக் காட்டுவது போல இல்லையா?

செவிக்கல் எழுதியது:

நேர்மாறு. நீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியைத்தான், மேலேயிருந்து சில பத்து மீட்டருக்குள்ளேயே அது தீர்ந்துவிடும். 250 மீட்டரில் மிஞ்சியிருப்பது மங்கிய நீலம். சிவப்புத் தோல் நீலத்தைத் திருப்பி அனுப்பாது, விழுங்கிவிடும். அதனால் அங்கே அந்த மீன் கரும்சாம்பலாக, கிட்டத்தட்ட நிழலாகத்தான் தெரியும். நாம் பார்க்கும் மாணிக்கச் சிவப்பு அது வாழும் இடத்தில் இல்லவே இல்லை, மேல்தளத்து வெயிலில்தான் பிறக்கிறது. கண் ஏன் அவ்வளவு பெரிது என்பதற்கும் அதே மங்கிய நீலம்தான் காரணம், கிடைக்கிற துளி ஒளியையும் வாரிக்கொள்ள வேண்டும்.

இதனால் ஒரு நடைமுறைத் தொல்லையும் உண்டு. செத்த மீனில், அதுவும் உறைந்து இளகிய மீனில், சிவப்பு வெளுத்துவிடும். சிவப்பின் சாயலை வைத்து இனம் பிரிக்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடல்நண்டு எழுதியது:

காலையில் பெட்டியைத் திறந்துவிட்டேன். கை இன்னும் உறைந்திருக்கிறது, தட்டச்சுப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

55, 58, 83 மூன்றிலும் வால் மேல்நுனி கறுப்பு. மசி தொட்டு வைத்தது மாதிரி. இரண்டு மாதமாக இந்த மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள் கூட என் கண்ணில் படவில்லை, ஏனென்றால் அளவுப்பலகையில் வைக்கும்போது வாலை மடித்துப் பிடிக்கும் பழக்கம். இன்னொரு 71 செ.மீ. ஆண் மீனிலும் அதே கறுப்பு. ஆக நாலு போவெனி. மீன்பைத்தியம் அண்ணா, 55-ம் 58-ம் கன்னி மீன்கள், அவற்றிலேயே கறுப்பு இருக்கிறது, அதனால் வயசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

36, 38, 41 உட்பட எட்டில் கறுப்பே இல்லை, முள்ளும் கூர்மை. நிஜமாகவே குத்தியது.

மிச்சம் இரண்டு. பன்னிரண்டாம் எண், 47 செ.மீ., பெண், சினை கொட்டித் தீர்ந்தது போலத் தளர்ந்த சினைப்பை. வால் மேல்மடல் நுனியே இல்லை, எதுவோ கடித்திருக்கிறது. முள்ளும் உடைந்த மாதிரி இருக்கிறது. கடவுளே. இதை எந்தப் பக்கம் போடுவது?

அப்புறம் அந்த ஒன்பதாம் எண். இது எடெலிஸ் இல்லை என்று முதல் நாளே தோன்றியது. முதுகுத்துடுப்பில் வெட்டு இல்லை, ஒரே சீராக ஓடுகிறது. மேல்தாடை எலும்பில் செதில் இல்லை. முதுகுத்துடுப்பிலும் குதத்துடுப்பிலும் கடைசிக் கதிர் மட்டும் நீண்டு வால் போல் தொங்குகிறது. நிறம் இளஞ்சிவப்பு, பக்கத்தில் மஞ்சள் சாயல். இது 180 மீட்டரில் பிடித்தது.

ஆழ்தூண்டில் எழுதியது:

ஒன்பதாம் எண் மீன் பிரிஸ்டிபோமாய்ட்ஸ் பேரினம். கண்ணுக்குக் கீழே பாருங்கள். நீல விளிம்பு போட்ட பொன்நிறக் கோடு இரண்டு ஓடுகிறதா? உச்சந்தலையில் மஞ்சள் பட்டை எப்படி இருக்கிறது, குறுக்காகவா நெடுக்காகவா?

கடல்நண்டு எழுதியது:

கண்ணுக்குக் கீழே இரண்டு கோடு இருக்கிறது, மங்கல்தான், ஆனால் இருக்கிறது. தலையில் குறுக்காக, முன்னால் முனை வைத்த அம்பு மாதிரி.

ஆழ்தூண்டில் எழுதியது:

அப்படியானால் அந்தப் பேரினத்தில் மல்டிடென்ஸ் என்ற இனம். அதே பேரினத்து டைபஸ் என்றால் கன்னத்துக் கோடு இருக்காது, தலையில் மஞ்சள் நெளிகோடுகள் நெடுக்காக ஓடும். இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவிடுவதும் சகஜம்.

செவிக்கல் எழுதியது:

ஒன்பதுக்கு நானும் மல்டிடென்ஸ் என்றே சொல்வேன். பக்கத்தில் இருக்கும் பேரினங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு வருகிறவர்களுக்கு உதவும். முதுகுத்துடுப்பில் ஆழமான வெட்டு, மேல்தாடையில் செதில் என்றால் எடெலிஸ். அதில் வால் மடல்கள், அதிலும் மேல்மடல், வாள் போல நீண்டு உடல் ஒல்லியாக இருந்தால் கொரஸ்கன்ஸ். முதல் செவிள் வளைவில் சீப்புப் பற்கள் நெருக்கமாக, 30-ஐத் தாண்டி இருந்தால் ரேடியோசஸ், கார்பன்குலஸில் அதில் மூன்றில் இரண்டு பங்கு கூட வராது. வெட்டும் இல்லை, தாடைச் செதிலும் இல்லை, கடைசிக் கதிர் நீளம் என்றால் பிரிஸ்டிபோமாய்ட்ஸ், ஏப்ரியான், அஃபேரியஸ் மூன்றில் ஒன்று. கண்ணுக்கு முன்னால் மூக்கில் பள்ளம் கீறினாற்போல் இருந்து மார்புத்துடுப்பு குட்டையாக இருந்தால் ஏப்ரியான். வாய் பெரிதாக, வாயின் மேலண்ணத்தில் பல்லே இல்லாமல் இருந்தால் அஃபேரியஸ். மென்துடுப்பின் அடியில் செதில் ஏறியிருந்து கடைசிக் கதிர் நீளவில்லை என்றால் நீங்கள் ஆழத்து ஸ்னாப்பர் கூட்டத்திலேயே இல்லை, லூட்ஜானஸ் என்ற வேறு ஸ்னாப்பர் பேரினத்தின் பக்கம் போய்விட்டீர்கள்.

பன்னிரண்டுக்கு வருகிறேன். 47 செ.மீ.யில் சினை கொட்டித் தீர்ந்த சினைப்பை என்பதே கார்பன்குலஸ் பக்கம் சாய்கிறது. ஆனால் சாய்கிறது என்று கட்டுரையில் எழுத முடியாது. மார்புத்துடுப்பில் சின்னத் துண்டு வெட்டி நல்ல எத்தனாலில் போட்டு வையுங்கள், மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம். தயவுசெய்து ஃபார்மலினில் போடாதீர்கள், அதில் போட்டால் மரபணு கெட்டுவிடும், பிறகு அழுதாலும் வராது.

அது வரும் வரை காதுக்கல். இந்த இரண்டு இனத்தையும் கல்லின் அளவுகளை வைத்தே நம்பகமாகப் பிரிக்கலாம் என்று 2014-லேயே ஆஸ்திரேலியப் பக்கத்து ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள், அப்போது போவெனிக்குப் பெயர் கூட இல்லை. செவிளைத் தூக்கி, மண்டையோட்டின் அடிப்புறத்தில் இருக்கும் புடைப்பைக் கீறினால் தலையை நாசமாக்காமல் எடுக்கலாம். மூன்று ஜோடிக் கல் இருக்கும், பெரிய ஜோடிதான் வேண்டும். எல்லா மீனிலும் ஒரே பக்கத்துக் கல்லையே எடை போடுங்கள், ஒன்றில் இடது, ஒன்றில் வலது என்று கலக்காதீர்கள்.

மீன்பைத்தியம் எழுதியது:

எனக்கு உறுத்துவது வேறு. பழைய கட்டுரைகளில் கார்பன்குலஸ் 1 மீட்டருக்கு மேல் வளரும், இத்தனை செ.மீ.யில் பருவத்துக்கு வரும் என்றெல்லாம் எழுதியிருப்பது எல்லாம் இப்போது என்ன ஆகும்?

செவிக்கல் எழுதியது:

எங்கே பிடித்தது என்று பார்க்க வேண்டும். போவெனி ஹவாயில் இல்லை, அதன் எல்லை செங்கடல், இந்தியப் பெருங்கடல், மேற்குப் பசிபிக். ஆகவே ஹவாய்க்காரர்கள் எஹு என்று சொல்லி எழுதிவைத்த தகவல் சுத்தமான கார்பன்குலஸ். இரண்டும் சேர்ந்து வாழும் கடலிலிருந்து வந்த பழைய தகவல் கலவை. 1 மீட்டர் கார்பன்குலஸ் என்று யாராவது எழுதியிருந்தால் அது போவெனி என்று எடுத்துக்கொள்ளலாம். பருவ அளவு, வளர்ச்சி வேகம் இவற்றில்தான் ஆபத்து. இரண்டு இனத்தின் சராசரி எந்த இனத்துக்கும் பொருந்தாது. அதை வைத்துப் பிடிக்கும் அளவை நிர்ணயித்தால், சின்ன இனத்துக்குத் தேவையில்லாத கட்டுப்பாடு, பெரிய இனத்தை முட்டையிடும் முன்பே வாரி எடுக்க அனுமதி. பல பத்தாண்டு வாழ்ந்து தாமதமாகப் பருவத்துக்கு வரும் மீனில் அந்த இழப்பு ஈடாக ரொம்பக் காலம் பிடிக்கும்.

கடல்நண்டு எழுதியது:

நேற்று முழுக்கக் கல் தோண்டினேன். முதல் இரண்டில் கல்லை உடைத்துவிட்டேன் (8-ஆம் எண், 36 செ.மீ. பாவம்), அப்புறம் கை பழகிவிட்டது. எல்லாம் இடது கல்.

வரைபடத்தை இரண்டாகப் பிரித்துப் போட்டேன். நீளம், எடைப் புள்ளிகள் இப்போது சமர்த்தாக இரண்டு கோட்டில் உட்காருகின்றன. என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்டினேன், ஐந்து நிமிடம் பேசவே இல்லை, பிறகு போன ஆண்டு மாணவர் ஒருவர் அளந்த பெட்டியையும் தேடச் சொல்லியிருக்கிறார்.

ஆழ்தூண்டில் அண்ணா, குடலின் பின்பகுதியைப் பார்த்தேன். நாலு மீனில் இறால் ஓட்டுத் துணுக்கு, ஒன்றில் கணவாய் அலகு. நீங்கள் சொன்னது அப்படியே.

பன்னிரண்டாம் எண்ணின் துடுப்புத் துண்டு எத்தனாலில் இருக்கிறது, அடுத்த வாரம்தான் அனுப்புவோம். ஆனால் அதன் கல்லை எடை போட்டேன். 47 செ.மீ. மீனின் கல், 58 செ.மீ. போவெனியின் கல்லை விடக் கனம்.

செவிக்கல் எழுதியது:

நீளம் குறைவு, கல் கனம் என்றால் வயசு அதிகம், வளர்ச்சி நின்று பல காலம் ஆன மீன். எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் மரபணு முடிவு வரும் வரை அட்டவணையில் கேள்விக்குறி போட்டே வையுங்கள். வந்ததும் இங்கே எழுதுங்கள், அந்தக் கல்லை வில்லையாக அறுத்தால் கோடுகளின் படத்தையும் போடுங்கள், எண்ணிப் பார்க்க எனக்கு ஆசை.

ஆழ்தூண்டில் எழுதியது:

அடுத்த பெட்டி வரும்போது வாலை மடிக்காதீர்கள்.